புள்ளிச் சுறாவும் ஒரு கையெழுத்தும்

சாம்பியன் ரீப்ஸ்
3-2-2024

நளினிக்கு அம்மா எழுதுவது.

நீ அனுப்பின பேப்பர் வந்து சேர்ந்தது. தபால்காரர் கவரை நீட்டினார். வாங்காமல் நின்றேன். "இன்னாம்மா, கோர்ட் நோட்டீஸா இது, வாங்கிக்க" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேப்பர் முழுக்க இங்கிலீஷ். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு முடித்த பிறகு ஆர்தர் சாரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். இந்தப் பெண் கடலில் இறங்கி மீன் பக்கத்தில் வேலை செய்வாள், அதில் ஆபத்து உண்டு என்று எங்களுக்குத் தெரியும். அவளுக்கு எது நடந்தாலும் நாங்கள் யாரையும் கேள்வி கேட்க மாட்டோம். இப்படிக்கு, பெற்றவர். அப்பா பெயர் எழுதும் இடத்தில் நீயே 'காலமானார்' என்று எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்தில் அதைப் பார்த்ததும் சார் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். போன ஜூலையில் ஆஸ்பத்திரியில் ஒரு பேப்பர் நீட்டினார்கள். தொண்டையில் குழாய் போட வேண்டும், சம்மதம் என்று போடுங்கள் என்றார்கள். போட்டேன். மறுநாள் காலையில் உங்கப்பாவை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். நீ அப்போது கடலில் இருந்தாய், சிக்னல் இல்லை என்றார்கள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வந்தாய். நான் உன்னைத் திட்டினேன், நீயும் என்னைத் திட்டினாய். போனில் உன் குரலைக் கேட்டால் அந்தச் சண்டை திரும்ப ஆரம்பித்துவிடுகிறது. அதனால்தான் போனை எடுப்பதில்லை. எழுதினால் நிதானமாக வருகிறது.

சார் அந்த மீனைப் போனில் காட்டினார். லாரி நீளம் இருக்கிறது. வாய் நம் வீட்டுக் கதவு அகலம். அதன் பக்கத்தில் ஒரு ஆள் நீந்துவது ஈ மாதிரி தெரிந்தது. நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குக் குக்கர் விசில் அடித்தால்கூட உடம்பு தூக்கிப் போட்டது.

வேறு வேலை தேடு. பெங்களூரில் இல்லாத வேலையா.

அம்மா


குஜராத், வேராவல் பக்கம்
14-2-2024

அம்மா,

அந்த மீன் என்னை விழுங்கும் என்று நினைக்கிறாய். விழுங்காது. அதற்கு ஆயிரக்கணக்கில் பற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் அரிசி மணியைவிடச் சின்னது. கடிக்க அந்தப் பற்களுக்கு வேலையே இல்லை. வாயைத் திறந்துகொண்டு மெதுவாகப் போகும். தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள், மீன் முட்டைகள், பொடி மீன்கள் எல்லாம் உள்ளே போகும். செவுள் வழியாகத் தண்ணீர் வெளியே வந்துவிடும். நீ சோறு வடிக்கிறாயே, அந்த மாதிரி. தொண்டை அவ்வளவு சின்னது. திமிங்கலச் சுறா என்று பெயர்தான் பெரிது.

அது எங்களுக்கு ஆபத்து இல்லை, நாங்கள்தான் அதற்கு ஆபத்து. முன்னே இந்தக் கரையில் அதைக் குத்திக் கொன்று, ஈரல் எண்ணெயை எடுத்துப் படகுக்குப் பூசினார்கள். 2001இல் கொல்லக் கூடாது என்று சட்டம் வந்தது. இப்போது அதே மீனவர்கள், அது வலையில் மாட்டினால் தங்கள் வலையையே அறுத்து அதை விடுகிறார்கள். வலைக்கு அரசாங்கம் பணம் தருகிறது. ஆனால் பணத்துக்காக மட்டும் இல்லை. மகள் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருகிற மாதிரி அது இங்கே வருகிறது என்று இவர்கள் சொல்வார்கள்.

உண்மையில் அது எங்கே குட்டி போடுகிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. தைவான் பக்கம் ஒரே ஒரு தாய் மீன் வயிற்றில் முந்நூறு குட்டிகள் இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குட்டிகள் எங்கே வளர்கின்றன, எத்தனை பிழைக்கின்றன, ஒன்றும் தெரியாது. ஒரு குட்டி பெரிதாகித் தானே குட்டி போட இருபத்தைந்து, முப்பது வருடம் ஆகும். அதனால் ஒன்று செத்தாலும் பெரிய இழப்பு.

என் வேலை இதுதான். வலையில் மாட்டியதை விடுவதற்கு முன் பக்கத்தில் போய், செவுளுக்குப் பின்னால் இடது பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும். அந்த வெள்ளைப் புள்ளிகள் ஒரு மீனுக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. சிலவற்றுக்கு முதுகுத் துடுப்பில் ஒரு கருவி மாட்டுவோம். அந்த மீன் கிட்டத்தட்ட இரண்டாயிரம் மீட்டர் ஆழம்வரை போகும். மேலே வரும்போது கருவி செய்தி அனுப்பும். அப்பா தங்கச் சுரங்கத்தில் அதைவிட ஆழத்துக்குப் போய் வந்தவர். அவரை ஒரு நாளும் நீ போகாதே என்று சொல்லவில்லை. என்னை மட்டும் சொல்கிறாய்.

இரண்டு இரண்டு பேராகத்தான் இறங்குவோம். படகில் ஒருவர் எண்ணுவார். பயப்பட ஒன்றும் இல்லை. மார்ச்சில் மீன் அதிகம் வரும், அதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அது இல்லாமல் என்னை இறங்க விட மாட்டார்கள்.

நளினி


சாம்பியன் ரீப்ஸ்
25-2-2024

நளினி,

எல்லாம் படித்தேன். மீன் பாவம். மீன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ 2001 என்று எழுதியிருந்ததுதான் மனதில் தங்கியது. அந்த வருடம்தான் இங்கே மைன்ஸை மூடினார்கள். பிப்ரவரி கடைசியில் உங்கப்பா சோத்து டப்பாவோடு போய், டப்பாவைத் திறக்காமலே திரும்பி வந்தார். மீனுக்குச் சட்டம் வந்தது, எங்களுக்குப் பூட்டு வந்தது. சரி, அது போகட்டும்.

நான் உன்னை ஒன்று கேட்கிறேன். நீ அங்கே வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. போன வருடமும் தண்ணீரில் இறங்கினாய். அப்போது கேட்காத பேப்பரை இப்போது ஏன் கேட்கிறார்கள்?

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்புதான். ஆனால் நான் மைன்ஸ்காரன் பெண்டாட்டி. கீழே இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் புதிதாக ஒரு போர்டு மாட்டினால், இங்கே எங்களுக்குப் புரிந்துவிடும். 'தனியாகப் போகாதே' என்று போர்டு வந்தால், தனியாகப் போன ஒருவன் திரும்பவில்லை. ஆள் இறக்கும் கூண்டில் 'கேஜில் சாயாதே' என்று வந்தால், சாய்ந்த ஒருவன் போய்விட்டான். யாரும் சும்மா போர்டு எழுத மாட்டார்கள். இந்தப் பேப்பரும் ஒரு போர்டு.

பயப்பட ஒன்றும் இல்லை என்று உங்கப்பாவும் சொல்வார். அப்படிச் சொன்ன நாட்களில்தான் கை கழுவாமல் சாப்பிட உட்காருவார்.

பக்கத்து வீட்டு சுனிதா குழாயடியில், "இன்னா பழனிக்கா, உன் பொண்ணு திமிங்கலம் வளக்குதாமே, எத்தினி லிட்டர் பால் குடுக்குது?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கும்போது பாதித் தண்ணீர் கொட்டிவிட்டது.

அங்கே யார் செத்தது? மறைக்காமல் எழுது. எழுதாவிட்டால் ஆர்தர் சாரை விட்டு உங்கள் ஆபீசுக்குப் போன் போடச் சொல்வேன்.

அம்மா


வேராவல்
6-3-2024

அம்மா,

யாரும் சாகவில்லை. தயவுசெய்து யாரையும் போன் போடச் சொல்லாதே.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி நடந்தது. வலையில் ஒரு மீன் மாட்டியிருக்கிறது என்று செய்தி வந்து போனோம். பெண் மீன், இருபத்தைந்து அடிக்கு மேல். வினோலியாவும் நானும் இறங்கினோம். அவளைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், தூத்துக்குடிப் பெண், என்னோடு ஒரே அறையில் இருப்பவள். மீன் ஒன்றும் செய்யவில்லை. களைத்துப்போய்ச் சும்மா கிடந்தது. நான் பக்கத்தில் போனபோது அதன் சின்னக் கண் என்னைப் பார்த்துச் சுழன்றது. நாங்கள் படம் எடுத்தோம், மீனவர்கள் வலையை அறுத்தார்கள், அது போய்விட்டது. அலை ஏறிக்கொண்டிருந்தது. எல்லாரும் கிளம்பச் சொல்லிக் கத்தினார்கள்.

ஏணியில் நான் முதலில் ஏறினேன். வினோலியா எனக்குப் பின்னால் இருந்தாள். அவள் கை என் காலில் பட்டது, எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. படகு ஓட்டுபவர் லக்கம்பாய் எஞ்சின் பக்கம் குனிந்திருந்தார். "ரெண்டு பேரும் வந்தாச்சா?" என்று கேட்டார். "ரெண்டு பேரும்" என்று நான் சொன்னேன். பிறகு படுத்து வாந்தி எடுத்தேன். படகு கிளம்பியது.

அறுத்த வலையின் கயிறு அவள் காலில் சுற்றியிருந்தது. ஏணியிலிருந்து அவளைப் பின்னால் இழுத்துவிட்டது. அவள் கத்தியது எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

நான் தலை நிமிர்ந்து பார்த்தபோது பத்து நிமிடம் போயிருந்தது. திரும்பிப் போய்த் தேடிக் கண்டுபிடிக்க இன்னும் அரை மணி ஆனது. ஒரு மிதவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்களைப் பிரிக்க முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டுத் தூங்க மட்டும் அவளால் முடியவில்லை.

லக்கம்பாய் எண்ணாமல் படகை எடுத்துவிட்டார் என்று அறிக்கையில் எழுதினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்கு இந்தி சரியாக வராது, என்ன எழுதினார்கள் என்று அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. சாட்சி என்று நான் கையெழுத்துப் போட்டேன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தினமும் துறைமுகத்தில் ஐஸ் மூட்டை தூக்குகிறார். என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் வேலை போகும். வினோலியா என் முகத்தில் விழிக்க மாட்டாள். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது, அம்மா. தண்ணீரைப் பார்த்து இல்லை. அறைக்குத் திரும்பிப் போகத்தான் பயமாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

நளினி


சாம்பியன் ரீப்ஸ்
15-3-2024

நளினி,

கிழித்துவிட்டேன். நான் எழுதுவதை நீ கிழிக்காதே.

இங்கே பக்கத்துக் கோரமண்டலில் இருக்கிற ஷோபாவை உனக்குத் தெரியும். உங்கப்பாவோடு மைன்ஸில் வேலை செய்த மனோகர் பெண்டாட்டி. சின்ன வயதில், "அந்த அத்தை வந்தா நீ ஏன் வேற தெருவுல போற?" என்று கேட்டாய். உன்னை அடித்தேன். ஏன் அடித்தேன் என்று இப்போது எழுதுகிறேன்.

1994, நீ பிறப்பதற்கு முன்னால். மைன்ஸில் கீழே இறங்குகிறவர்கள் அவரவர் டோக்கனைப் போர்டில் மாட்டிவிட்டு இறங்குவார்கள். பித்தளை வில்லை, நம்பர் அடித்திருக்கும். மேலே வந்ததும் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். போர்டில் டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான். அதைப் பார்த்துக்கொள்ள தாமோதரன் என்று ஒருவர் இருந்தார்.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து கேஜ் ஏறும்போது மனோகர் டிபன் டப்பாவை மறந்துவிட்டானாம். "சின்னப்பா, நீ போ, டோக்கன எடுத்து வை, அடுத்த கேஜ்ல வந்துர்றேன், மேல டீக்கடையில வாங்கிக்கிறேன்" என்று உங்கப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னானாம். உங்கப்பா மேலே வந்து இரண்டு டோக்கனையும் எடுத்தார். டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றார். களைப்பு. நாளைக்குக் கொடுத்தால் போகிறது என்று வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த கேஜ் அன்றைக்கு ரொம்ப நேரம் வரவில்லை என்று அவருக்குத் தெரியாது. குளித்தார், சாப்பிட்டார், படுத்தார்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கீழே பாறை வெடித்தது. மைன்ஸ்காரர்களின் லைன் வீடுகள் எல்லாம் ஆடின. சங்கு ஊதியது. பெண்கள் எல்லாரும் ஷாஃப்ட்டுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. என் ஆள் உள்ளே தூங்குகிறார். அந்த நிம்மதியை உனக்கு எப்படிச் சொல்வேன். கொடியில் இருந்த சட்டையை எடுத்து ஊற வைக்கப் போனேன். பையில் இரண்டு டோக்கன் இருந்தது.

எனக்கு நம்பர் படிக்கத் தெரியும். ஒன்று உங்கப்பாவுடையது. இன்னொன்று வேறு. ஈரக் கையில் அதை வைத்துக்கொண்டு நின்றேன். இது என்ன என்று எழுப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் ஷிப்ட் முடிந்து தூங்குகிறவனை எழுப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அரைத் தூக்கத்தில் எழுந்தவன் கீழே கை தவறுவான் என்று மாமியார் சொல்லிக் கொடுத்தது. பிள்ளை அழுதால்கூட வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுவோம். எழுந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று டோக்கனை மாடத்தில் வைத்துவிட்டுத் துவைத்தேன்.

ஆறு மணிக்கு ஷோபா வந்தாள். "அக்கா, அவுரு இன்னும் வரல. போர்டுல டோக்கன் இல்லியாம், மேல வந்துட்டாருன்றாங்க. அண்ணன் பாத்தாரா?" என்று கேட்டாள். அவள் குரலில்தான் உங்கப்பா எழுந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் ஓடினார். "மனோகர் கீழதான் கீறான், எறங்கிப் பாருங்க" என்று கத்தினார். "போர்டு காலியா கீது, நீ இன்னாத்துக்குக் கத்தற?" என்றார் தாமோதரன். தான் எடுத்ததைச் சொல்ல உங்கப்பாவுக்கு வாய் வரவில்லை. பேசிப் பேசியே இன்னும் நேரம் போனது. பிறகுதான் இறங்கினார்கள். மறுநாள் காலையில் மேலே கொண்டு வந்தார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தானாம்.

போர்டைச் சரியாகப் பார்க்கவில்லை என்று தாமோதரனை வேலையை விட்டு நீக்கினார்கள். டோக்கனை நான்தான் மைன்ஸ் கழிவு கொட்டின சைனைட் மண்மேட்டில் கொண்டுபோய் எறிந்தேன். உங்கப்பா எறியச் சொல்லவில்லை. எங்கே என்று கேட்கவும் இல்லை. நடந்ததை அன்றைக்கு ராத்திரி ஒரே ஒரு தடவை சொன்னார், அதன் பிறகு முப்பது வருடம் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசியில் மூச்சு முட்டும்போது, "அவளாண்ட சொல்லிடு" என்றார். எவளிடம் என்று நான் கேட்கவில்லை. ஏழு மாதம் ஆகிறது. சொல்லவில்லை. ரேஷன் கடையில் அவளைப் பார்த்தால் கால் தானாகத் திரும்பிவிடுகிறது.

உன் வினோலியா உயிரோடு இருக்கிறாள். ஐஸ் மூட்டை தூக்குகிறவர் உயிரோடு இருக்கிறார். உங்கப்பாவுக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்திருக்கிறது. நாள் ஆக ஆக வாய் இறுகிவிடும், அது எனக்குத் தெரியும். நாளைக்கு என்று வைக்காதே. வேலை போனால் போகட்டும், என்னோடு வந்து குழம்புக்குக் காய் நறுக்கு.

பேப்பர் இங்கேயே இருக்கிறது. உன் பொய்யை இன்னொருவர் சுமந்துகொண்டிருக்கும்போது நான் எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

அம்மா


வேராவல்
27-3-2024

அம்மா,

சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே இல்லை. நான்கு நாள் கழித்து.

முதலில் வினோலியாவிடம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணிவரை மடித்து வைத்தாள். பிறகு, "உன்னத் தொட்டேன்ல, அப்பவே நீ திரும்பிப் பாத்திருக்கணும்" என்றாள். இப்போது வேறு அறைக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்டால் நகர்த்துகிறாள். அவ்வளவுதான்.

ஆபீசில் அறிக்கையை மாற்றி எழுதினார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. இந்த சீசன் முழுக்க நான் தண்ணீரில் இறங்கக் கூடாது. அடுத்த வருடம் மறுபடி பார்க்கலாம், அதற்கும் அந்தப் பேப்பர் வேண்டும் என்றார்கள். லக்கம்பாயைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நான் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மகன் வயதுப் பையன் ஒருவன் நின்று அவருக்கு மொழிபெயர்த்தான். அவர், "நானும் திரும்பிப் பார்த்திருக்கலாம்" என்றாராம். அதைக் கேட்டது எனக்கு அடியைவிட மோசமாக இருந்தது.

நேற்று ஒரு மீன் மாட்டியது. நான் படகில் நின்றேன். என் வேலை ஏணிப் பக்கம் நின்று ஏறுகிறவர் தோளைத் தொட்டு, பெயர் சொல்லி எழுதுவது. அறுத்த வலையிலிருந்து அது நழுவி, ஒரு நிமிடம் மேலேயே கிடந்தது, பிறகு தலையைத் தாழ்த்திக் கீழே போனது. துடுப்பில் கருவி இருக்கிறது. இதுவரை ஒரு செய்தியும் வரவில்லை. ஆழத்தில் இருக்கலாம், கருவி கழன்றிருக்கலாம், வேறு வலையில் மாட்டியிருக்கலாம். மணிக்கு ஒருமுறை கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கிறேன்.

நீ எப்படி ஒவ்வொரு ஷிப்டும் காத்திருந்தாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

நளினி


சாம்பியன் ரீப்ஸ்
8-4-2024

நளினி,

ஞாயிற்றுக்கிழமை ஷோபா வீட்டுக்குப் போனேன். கோரமண்டலுக்கு இரண்டு முறை போய்த் தெருமுனையோடு திரும்பியிருந்தேன், மூன்றாவது முறை உள்ளே போனேன். அவள் மகன் ரூபேஷ் கடைக்குப் போயிருந்தான். அவள் வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா, வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

அவள் கத்தவில்லை. "அண்ணன் எத்தினி மணிக்கு எழுந்தாரு?" என்று கேட்டாள்.

"ஆறு."

"நீ சட்ட தொவச்சது?"

"மூணரை இருக்கும்."

விரலை மடக்கி எண்ணினாள். "அவுரு உசுரு ராத்திரி ஒம்பதுக்கு மேலதான் போச்சுன்னு டாக்டர் எழுதிக்கிறாரு" என்றாள். பிறகு அவரைக்காயை எடுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். பருப்பு ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம் போட வேண்டியதை இரண்டையும் ஒரே முறத்தில் போட்டாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"தாமோதரன் பொண்டாட்டிய நான் சபிச்சிருக்கேங்கா. மண்ண வாரித் தூத்தியிருக்கேன்" என்றாள்.

கிளம்பும்போது, "இனிமே என்னாண்ட பேசாத. ஆனா ரேஷன் கடையில பாத்தா, பாக்காத மாதிரி போவாத" என்றாள்.

மன்னித்தாளா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. ஆர்தர் சாரிடம் சொல்லித் தாமோதரன் வீட்டார் பெங்களூரில் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கேயும் போக வேண்டும்.

உன் மீனிடமிருந்து செய்தி வந்ததா? வராவிட்டாலும் எழுது. முந்நூறு பிள்ளை சுமந்தும் ஒன்று எங்கே போனது என்று தெரியாதாம், அதற்கு நீயாவது தேடுகிறாய்.

அடுத்த வருடம் நீ இறங்குவாய். வேண்டாம் என்றால் நிற்க மாட்டாய், உங்கப்பா ரத்தம். பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன். ஆபத்து தெரியும் என்ற வரியை அப்படியே விட்டேன், அது உண்மை. எது நடந்தாலும் கேள்வி கேட்க மாட்டோம் என்ற வரி எது என்று சாரைக் காட்டச் சொல்லி, ஸ்கேல் வைத்து அடித்துவிட்டேன். பக்கத்தில் தமிழில் 'கேட்பேன்' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்படி அடித்தால் பேப்பர் செல்லாது என்று சார் சொல்கிறார். செல்லாவிட்டால் உன் பெரிய அதிகாரியை எனக்குப் போன் போடச் சொல். எடுக்கிறேன்.

அம்மா